எயிற்பட்டினத்து நான்கு பூக்கள்

சங்க நூல்களில் வரும் பூக்களைப் பற்றி எழுதினோர் பெரும்பாலும் அவற்றின் நிறத்தையும் மணத்தையும் திணைப் பொருத்தத்தையுமே ஆராய்ந்துள்ளனர். இன்ன பூ இன்ன செடியினது என இனங்காட்டும் பணியும் நன்கு நடைபெற்றுள்ளது. பி. எல். சாமி அவர்கள் 1967-இல் வெளியிட்ட 'சங்க இலக்கியத்தில் செடி கொடி விளக்கம்' என்னும் நூல் இத்துறையில் வழிகாட்டியாகும். ஆயினும், பூ எதன் பொருட்டுப் பூக்கின்றது என்னும் வினாவை இலக்கிய ஆராய்ச்சியாளர் அரிதாகவே எழுப்பினர். செடியின் மகப்பேற்றுக்கு உரிய உறுப்பே பூவாகும். அச்செயலை அறிந்து பாடலைப் படிப்பின், உவமைகள் சில புதுத்தெளிவு பெறுகின்றன. இதனை ஒரு சிறு பகுதியைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடலும் இடமும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளால் ஆகியது. ஓய்மானாட்டு நல்லியக்கோடனை இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. பரிசில் பெற்ற பாணன் மற்றொரு பாணனை ஆற்றுப்படுத்துங்கால், நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தின் வழியே செல்லுமாறு கூறுகின்றான். இவ்வெயிற்பட்டினம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மரக்காணமே என அறிஞர் பலர் கொள்வர். புலவர் பெயரோடு இணைந்த இடைக்கழிநாடு, மரக்காணத்திற்கு வடக்கே செய்யூர் வட்டத்தில் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றது. எனவே, நத்தத்தனார் பாடியது பிறர் சொல்லக் கேட்ட கடற்கரை அன்று. தம் ஊரை அடுத்த கடற்கரையே எனல் தகும்.

மரக்காணம் இன்று உப்பளங்களாற் பெயர் பெற்ற ஊர். கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி, இடையே வெண்மணல் மேடு. தென்மேற்கில் கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை உள்ளது. மழைக்காலத்தில் நன்னீரும் கோடையில் உப்புநீரும் மிகும் இயல்பினது அது. 2021-இல் தமிழக அரசு அதனைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. 2024-இல் அது ராம்சார் உடன்படிக்கையின் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. மணல், கழி, உப்பு, காற்று ஆகிய நான்கும் கூடிய இந்நிலத்தில் வாழும் செடிக்கு மகப்பேறு எளிதன்று.

எயிற்பட்டினத்து வழியைப் புனையும் இடத்தில் புலவர் நான்கு செடிகளை அடுத்தடுத்துக் கூறுகின்றார். தாழையின் பூ அன்னத்தைப் போலத் தோன்றுகின்றது. முதல்நாள் மலர்ந்த செருந்தி பொன்னோ என மருளச் செய்கின்றது. சூல் கொண்ட முண்டகம் நீலமணியை நினைவூட்டுகின்றது. நெடிய அடியினையுடைய புன்னை முத்துக்களை ஏந்தி நிற்கின்றது. வெண்மை, பொன்மை, நீலம், மீண்டும் வெண்மை என நிற அடுக்காக மட்டும் இதனைப் படித்தல் வழக்கம். அவ்வளவே அன்று என்பது என் கருத்து.

பூவின் உறுப்பும் சொல்லும்

முதலில் பூவின் அமைப்பைச் சுருங்கக் காண்போம். நிறைவான பூ ஒன்றில் நான்கு வட்டங்கள் உள. வெளிவட்டம் புல்லி, அது மொட்டினைக் காப்பது. அடுத்தது அல்லி, அது நிறத்தால் வண்டினை அழைப்பது. மூன்றாவது மகரந்தத்தாள்கள், அவற்றின் நுனிப்பைகளில் தாது விளைகின்றது. நடுவே நிற்பது சூலகம். அதன் அடிப்பகுதி சூற்பை, நடுப்பகுதி சூல்தண்டு, நுனி சூல்முடி. சூற்பைக்குள் இருப்பன சூல்கள். தாது சூல்முடியை அடைவது மகரந்தச் சேர்க்கை. அங்கே தாது ஒரு நுண்குழலை நீட்டும். அக்குழல் சூல்தண்டின் வழியே இறங்கிச் சூலை அடைந்தபின் கருவுறுதல் நிகழும். சூல் விதையாகும்; சூற்பை கனியாகும்.

இன்று எளிதாகத் தோன்றும் இவ்வுண்மை மேலைநாட்டில் மெல்லமெல்லவே துலங்கியது. செடிக்கும் ஆண்மை பெண்மை உண்டென்பதை 1694-இல் ஜெர்மனி நாட்டுத் தூபிங்கன் நகரத்துப் பேராசிரியர் கமராரியசு ஆய்வால் காட்டினார். ஆமணக்கின் ஆண்பூக்களை மலருமுன் கிள்ளிவிட, பெண்பூக்கள் நல்விதை தாரா தொழிந்ததைக் கண்டார். தாது குழல் நீட்டுவதை 1824-இல் இத்தாலியராகிய அமிச்சி, பருப்புக்கீரை இனத்துப் பூவில் உருப்பெருக்கி வாயிலாகக் கண்டார். சூலே இச்செயலின் நடுப்பொருள் என்பதற்கு நம் நாட்டிலும் ஒரு சான்று எழுந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பஞ்சானன் மகேசுவரியும் அவர் குழுவினரும் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயில் இட்டு, தாதினை அவற்றின் மேலேயே சேர்த்து, விதை விளையச் செய்தமையை 1962-இல் வெளியிட்டனர். சூல்முடியும் சூல்தண்டும் இல்லாமலே சூல் கருவுற்றது.

ஈண்டு சொல்லாராய்ச்சியாளர் உளங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பாடநூல்களில் வழங்கும் சூல், சூலகம், சூற்பை என்பன மொழிபெயர்ப்பின் பொருட்டுப் புதிதாய்ப் படைத்த சொற்கள் என மாணாக்கர் பலர் எண்ணுகின்றனர். சூல் என்பது மகளிர்க்கும், விலங்கிற்கும், நீர் நிறைந்த மேகத்திற்கும், கதிர் ஈனும் பயிருக்கும் ஒப்ப வழங்கிய பழஞ்சொல். தாது என்பதும் பூந்துகளுக்குப் பழம் புலவர் வழங்கியதே. பூவின் பருவங்களுக்கு அரும்பு, போது, மலர், அலர், வீ, செம்மல் எனத் தனித்தனிப் பெயர்கள் உள. அரும்பு மூடிய நிலை, போது விரியும் நிலை, மலரும் அலரும் விரிந்த நிலை, வீ உதிர்ந்தது, செம்மல் வாடியது. இவை வெறும் அழகுப் பெயர்கள் அல்ல. தாது முதிர்தல், சூல்முடி தாதை ஏற்றல், பணி முடிந்தபின் அல்லி நீங்கல் என்னும் செயல்கள் இப்பருவங்களின் ஊடேதான் நிகழ்கின்றன.

தாழை: ஆணும் பெண்ணும் வேறு

நால்வகைச் செடிகளுள் தாழை முதலாவது. இதில் ஆண்செடி வேறு, பெண்செடி வேறு. ஆண்பூங்கொத்து பல கிளைகளாய்ப் பிரிந்து, வெண்மையும் இளமஞ்சளும் கலந்த நீண்ட மடல்களால் மூடப்பட்டிருக்கும். மடல் விரிந்ததும் மணம் நெடுந்தொலைவு பரவும். மகளிர் கூந்தலில் சூடும் தாழம்பூ இவ்வாண்பூங்கொத்தின் மடலே. உண்மைப் பூக்கள் மடலின் உள்ளே நெருங்கியுள்ள நுண்ணிய தாதுக் காம்புகள்; அவற்றிற்குப் புல்லியும் இல்லை, அல்லியும் இல்லை. பெண்செடியில் மணம் சிறவாது. அதன் கொத்து உருண்டு திரண்டு, முதிர்ந்தபின் அன்னாசியை ஒத்த செம்மஞ்சட் கனித்திரளாகும். கழிக்கரையில் அக்கனியைக் கண்டும், தாழம்பூவும் அதுவும் ஓரினத்தின் இருபால் என அறியாதார் பலர்.

அன்னம் என்னும் உவமை எதனைக் குறிக்கின்றது? வெண்சிறகு விரித்தாற்போல் தோன்றுவன ஆண்கொத்தின் மடல்களே. ஆகலின் நத்தத்தனார் கண்டது ஆண்தாழை என்று துணியலாம். தமிழ் மரபு அவ்வெள்ளுறுப்பை இதழ் என்னாது மடல் என்றே பெரிதும் வழங்குவது கருதத்தக்கது. தொல்காப்பிய மரபியல், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் எனவும், அகத்தே வயிரமுடையவற்றை மரம் எனவும் பகுத்து, மடலைப் புல்லின் உறுப்புகளுள் வைத்தது. தாவரநூலார் ஒருவித்திலைத் தாவரம் எனக் கொள்ளும் பனை, தெங்கு, கமுகு முதலியன அப்புல் வகையுள் அடங்குகின்றன. தாழையும் ஒருவித்திலைத் தாவரமே.

பனையும் தாழையைப் போல இருபால் வேறுபட்டது. நட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும், பாளை விடுமளவும், இது ஆணோ பெண்ணோ எனத் துணிதல் அரிது. திருவோத்தூரில் திருஞானசம்பந்தர் பாட, ஆண்பனைகள் பெண்பனைகளாய்க் காய்த்தன என்னும் வரலாறு எழுந்ததே, ஆண்பனை காயாது என்பதை மக்கள் தெளிவாக அறிந்திருந்தமையால் அன்றோ? ஆண்பனையால் பயனில்லை எனக் கருதி, ஓர் ஊரின் ஆண்பனைகளை எல்லாம் வெட்டிவிடின், பெண்பனைக்குத் தாது கிட்டாது.

பனையைக் கூறியமையால் இன்னொன்றும் விளக்கலாம். பூக்கும் தாவரங்களில் கருவுறுதல் இரட்டையாக நிகழ்கின்றது. இதனை 1898-இல் உருசிய நாட்டு அறிஞர் நவாசின் லில்லி இனப் பூக்களில் கண்டறிந்தார். தாதுக்குழல் இரண்டு ஆண் அணுக்களைச் சூலுள் விடுகின்றது. ஒன்று கருமுட்டையோடு கூடி முளைக்கருவாகின்றது. மற்றொன்று சூலின் நடுவே உள்ள உட்கருக்களோடு கூடி, அம்முளைக்கருவிற்கு உணவாகும் முளைசூழ்தசையைத் தோற்றுவிக்கின்றது. கோடையில் நாம் சுவைக்கும் நுங்கு இம்முளைசூழ்தசையின் இளநிலையே; தேங்காயின் நீரும் பருப்பும் அதுவே. நுங்கை உண்பார் பனங்கன்று ஒன்றிற்குத் தாய் வைத்த சோற்றை உண்கின்றனர் எனலாம்.

செருந்தி: ஒரு பூவில் பல கனி

செருந்தி என்னும் பெயர் கோரை வகை ஒன்றிற்கும், மஞ்சட்பூப் பூக்கும் சிறுமரம் ஒன்றிற்கும் உரியது. பொன்னை உவமை கூறிய இவ்விடத்தில் மரமே பொருந்தும். இதன் பொன்னிற அல்லிகள் நெடுநாள் நில்லா, விரைவில் உதிர்வன. புலவர் முதல்நாள் மலர்ச்சியைக் கூறியதன் நுட்பம் இதனால் விளங்கும். அப்பொன்மை முதல்நாளுக்கே உரியது.

அல்லி உதிர்ந்தபின் இப்பூ வேறொரு கோலம் கொள்கின்றது. புல்லிகள் உதிராது செந்நிறம் பெறுகின்றன. பூத்தளம் பருத்துச் சிவக்கின்றது. அதன்மேல் சூலகத்தின் பிரிவுகள் தனித்தனியே முதிர்ந்து கருநிறச் சிறுகனிகளாய் அமர்கின்றன. ஒரே பூ பல கனிகளைத் தருகின்றது. செம்மைமேல் கருமை பறவையின் கண்ணுக்கு எளிதில் புலப்படும். பறவை கனியை விழுங்கி விதையைச் சேய்மையில் விடும். முதல் நிறம் வண்டிற்கு, பின்னிறம் பறவைக்கு. தாதிற்கு ஒரு தூதும் விதைக்கு ஒரு தூதுமாக இச்செடி இருமுறை உடை மாற்றுகின்றது.

முண்டகம்: உதிர்ந்த மணியும் நின்ற சூலும்

முண்டகம் கழிமுள்ளி என உரைகாரர் கூறுவர். தாமரைக்கும் தாழைக்கும் இப்பெயர் வேறிடங்களில் வழங்கினும், நீலமணி உவமையாலும் கழிநிலத்தாலும் இங்கு முள்ளியே ஆகும். இதன் இலை விளிம்பில் முட்கள் உள. நீலம் ஓடிய பூக்கள் நிமிர்ந்த கதிராய்ப் பூக்கும். இப்பூவின் அல்லிக்கு மேலுதடு இல்லை. அகன்ற கீழுதடு ஒன்றே உண்டு. அது வண்டு அமரும் திண்ணையாகும். அதன் உள்ளே நான்கு மகரந்தத்தாள்கள் மயிரடர்ந்த பைகளோடு நெருங்கி நிற்கின்றன. அவற்றை அகற்றித் தேனை அடைய வலிய பெருவண்டால்தான் இயலும். தலையை நுழைக்கும் வண்டின் உடலில் தாது படிய, அடுத்த பூவின் சூல்முடி அதனை ஏற்கின்றது.

இச்செடிக்கு மட்டும் புலவர் சூல் என்னும் சொல்லை அடையாக்கினார். முதற்சூல் என உரை கொள்வர். பூத்த செடியைச் சூலுடையது எனல் எங்ஙனம் பொருந்தும்? முள்ளியின் அல்லி, அடியிற் குழலாய் இணைந்தது. மகரந்தத்தாள்கள் அவ்வல்லியோடு ஒட்டியவை. ஆதலின் பணி முடிந்ததும் அல்லியும் தாள்களும் ஒருங்கே கழன்று, முழு மணி ஒன்று வீழ்வது போல உதிரும். கதிரில் எஞ்சுவது சூலகம் ஒன்றே. மேலே நீலமணிகள், கீழே உதிர்ந்த மணிகள், இடையே பருத்துவரும் சூல்கள் என ஒரே கதிரில் மூன்று நிலையும் ஒருங்கே காணலாம். சூல் என்பதை அரும்பு நிறைந்த நிலை எனக் கொள்வாரும் உளர். அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயினும் செடியின் இயல்பு சூல் என்னும் சொல்லுக்கு நேர்ப்பொருளே கொள்ள இடந்தருகின்றது.

சூலகம் முதிர்ந்து நான்கு விதை வரை கொண்ட காயாகும். உலர்ந்ததும் அது ஓசையுடன் வெடித்து விதைகளைத் தெறிக்கும். நீரும் சேறும் சூழ்ந்த இடத்தில், தாயின் நிழலைவிட்டு விதை அகல அதுவே வழி.

புன்னை: முத்தும் காழும்

நான்காவதாகிய புன்னையின் உவமை முத்து. விரிந்த புன்னைப்பூ முத்தை ஒவ்வாது. அதன் வெள்ளிய உருண்டை அரும்பே முத்தை ஒக்கும். விரிந்தபின் வெள்ளிதழ் நடுவே பொன்னிறத் தாள்கள் எண்ணிலவாய்த் தோன்றும். அவற்றின் தாதையும் மணத்தையும் நாடித் தேனீக்கள் வரும். தாள்கள் பலவாயினும் நடுவே சூலகம் ஒன்றே. அதனுள் சூலும் ஒன்றே. எனவே கனிக்கு ஒரு விதைதான்.

அவ்வொரு விதைக்கு இம்மரம் அளிக்கும் காப்பு பெரிது. வன்மையான ஓடும், அதனுள் நெட்டி போன்ற மெல்லிய அடுக்கும் இருப்பதால் காய் கடலில் மிதக்கும். ஆப்பிரிக்கக் கிழக்குக்கரை முதல் பசிபிக் தீவுகள் வரை புன்னை பரவியிருப்பது இதனாலேயே. கனியின் சதையை விரும்பும் வௌவாலும் விதையைச் சுமந்து செல்வதுண்டு.

காழ் என்னும் சொல் வயிரத்தையும் விதையையும் குறிக்கும். நற்றிணை 172-ஆம் பாட்டில், தோழியரோடு விளையாடிய தலைவி வெண்மணலில் அழுத்தி மறந்த புன்னைக் காழ் முளைத்து மரமாகின்றது. அதனை நெய்யும் பாலும் பெய்து வளர்த்தமையால், தாய் அதனைத் தலைவியின் தங்கை என்கின்றாள். தங்கையின் முன்னே காதலனோடு நகையாட நாணுகின்றாள் தலைவி. நெய்தல் நிலத்தார் விதையை ஒரு பிறப்பாகவே கருதினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

பாடப்படாத பூக்கள்

நான்கினையும் ஒருங்கு நோக்குவோம். புன்னையில் அரும்பு, தாழையில் விரிந்த மடல், செருந்தியில் முதல்நாள் மலர், முண்டகத்தில் சூல். நான்கு உவமைகளும் ஒரு பூவின் வாழ்நாளில் நான்கு நிலைகளாக அமைகின்றன. புலவர் இன்றைய தாவரநூலை அறிந்திருந்தார் என யாம் கூறவில்லை. ஒவ்வொரு செடியையும் அதன் சிறப்பான நிலையில் வைத்துக் கண்ட கண் அவருடையது என்பதே எம் கருத்து. நிறத்திற்கு மட்டும் உவமை தேடியவராயின் நான்கையும் மலர்ந்த நிலையிலேயே கூறியிருத்தல் கூடும்.

ஆனால் மரக்காணத்து உப்பளக் கரையில் இன்று மிகுதியாகக் கண்ணிற்படும் செடி இந்நான்கனுள் ஒன்றன்று. அது உமரி. இலை சிறுத்து நீர்செறிந்து, உப்பு ஏற ஏறச் செந்நிறம் கொள்ளும் அச்செடிக்கும் பூவுண்டு. அதில் கண்ணைக் கவரும் அல்லி இல்லை, மணமில்லை, அன்னமும் பொன்னும் மணியும் முத்தும் அதற்கு உவமையாகா. அது வண்டினை எதிர்பாராது பெரும்பாலும் காற்றையே நம்பித் தாது விடுகின்றது. மணல்மேட்டில் வைத்து வளர்க்கப்பெறும் சவுக்கும் காற்றினால் தாது பெறுவதே. கண்ணைக் கவரும் பூ வண்டிற்கென அமைந்தது. வண்டைக் கவர்ந்ததே புலவரையும் கவர்ந்தது. காற்றுக்குப் பூப்பவை பெரும்பாலும் பாட்டிற்குப் புறம்பே நின்றன.

இவ்வேறுபாடு இன்று இலக்கியச் செய்தி மட்டுமன்று. காற்று எங்கும் உண்டு. வண்டு எங்கும் இல்லை. கழிக்கரை புதர்கள் அழிந்து, பாத்தியும் சாலையும் தோப்பும் பெருகுமிடத்து, காற்றை நம்பிய செடி நிலைபெறும். வண்டை நம்பிய செடி தளரும். தாழைக்கு இடர் இன்னும் மிகுதி. அது வேர்ப்பக்கக் கன்றுகளாலும் பெருகும் இயல்பினது. மணத்தின் பொருட்டு ஆண்செடியின் கன்றுகளையே தேர்ந்து நடுவர். பெண்செடி களையப்பட்டு ஆண்தாழை மட்டும் எஞ்சிய கரையில் மணம் இருக்கும், மகப்பேறு இராது. பச்சைப்புதராய் நிற்பதால் அவ்வினம் வாழ்கின்றது என நாம் எண்ணுவோம். ஆயின் அங்கே புதிய விதை ஒன்றும் வீழாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, சிறுபாணாற்றுப்படையின் நெய்தற் பகுதியில் வரும் நான்கு உவமைகளும் பூவின் வெவ்வேறு நிலைகளைக் குறித்து நிற்றல். இரண்டாவது, சூல், தாது, மடல், காழ் முதலிய சொற்கள் அறிவியற் பாடத்திற்கென இரவல் வாங்கியவை அல்ல. பழைய வழக்கிலேயே பொருள் பொதிந்தவை என்பது. தாவரநூல் பயிலும் மாணாக்கர்க்கு இச்சொற்களை இலக்கிய இடங்களோடு காட்டிக் கற்பித்தல் இருதுறைக்கும் நலமாகும். மூன்றாவது, உரையின் ஐயம் தீர்க்க ஏட்டோடு செடியும் வேண்டும் என்பது. தாழையின் அன்னம் எது, முண்டகத்தின் சூல் எது என்பவற்றை அகராதி ஓரளவே காட்டும்; எஞ்சியதைக் கழிக்கரையில் பூத்து நிற்கும் செடியே காட்டும்.

கழுவெளிக்குக் காப்பு அறிவித்தது பறவையின் பொருட்டாயினும், அப்பறவை உண்ணும் கனிக்கும் அக்கனியை ஈனும் பூவிற்கும் அக்காப்பு சென்றடைதல் வேண்டும். நத்தத்தனார் பாடிய நான்கு செடிகளும் இவ்வட்டாரத்தில் எங்கெங்கு எஞ்சியுள்ளன, எப்பருவத்தில் பூக்கின்றன, காய்க்கின்றனவா, தாழையில் இருபாலும் உளவா என்பவற்றைத் தமிழ்த்துறை மாணாக்கரும் தாவரவியல் துறை மாணாக்கரும் கூடிக் குறித்துவைத்தல் தக்க தொண்டாகும். உரைகாரர் விட்ட இடத்திலிருந்து உரை தொடர்வதற்கு அக்குறிப்புகள் துணைபுரியும்.